ஒன்பதாம் வார்டு: கருத்து ஏதுமில்லை

கையைத் தூக்க வேண்டியது பன்னிரண்டு மணிக்கு. வலது கை. காது உயரம். உள்ளங்கை முன்னால் பார்த்திருக்க வேண்டும். மண்டபத்துக் கடிகாரத்தில் ஒன்பது பத்து. கை இப்போதைக்கு என் மடியில்தான் கிடக்கிறது, ஆனால் பார்க்கப் பார்க்க என்னுடையது மாதிரியே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போன பை மாதிரி இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூட எனக்குத் தெரியாது. வாசலில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் செவ்வந்திப் பூவில் எழுதி வைத்திருந்தார்கள், குற்றாலத்துச் சாரலில் இரண்டு பெயரும் உதிர்ந்து நடுவில் ‘வெட்ஸ்’ மட்டும் முழுசாக நின்றது. நாங்கள் பதினைந்து கவுன்சிலர்கள் இந்த விடுதியின் மாடியில் மூன்று நாளாக இருக்கிறோம். இருக்கிறோம் என்று நான் சொல்கிறேன், ஊரில் ‘வச்சிருக்காவ’ என்றுதான் சொல்வார்கள், ஆட்டைச் சொல்வது போல. விடுதிச் சமையல்காரர்கள் எல்லாரும் கல்யாண அடுப்புக்குப் போய்விட்டதால் இன்றைக்கு எங்களுக்குக் காலை டிபன் கிடையாது. பெண்ணுக்கு அப்பா தங்கமான மனுஷன், ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு வெளியே போய்ச் சாப்பிடுவதாவது என்று பந்திக்கு அழைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் பதினாலு இலைதான் காலி. பதினைந்தாவது ஆள் நான். அடுத்த பந்தி வரைக்கும் மண்டபத்தில் உட்காருங்கள் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்து, எனக்குப் பின்னால் சோலையப்பன் நிற்கிறான். அவன் எங்கள் நகராட்சித் துணைத் தலைவர் மகாராஜனுடைய ஆள். எங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. மரியாதை தெரிந்தவன், வாய்க்கு வாய் மதினி போடுவான். “மதினி, ஃபேனு காத்து வருதா? யாருட்டயும் பேச்சுக் குடுக்காதிய, என்ன?” என்றான். நான் தலையாட்டினேன். பேச்சுக் கொடுக்கிறவளாம் நான். பெயர்தான் பேச்சியம்மாள்.

மூன்று நாளும் ஒத்திகை. மாடியில் ஒரு நீள மேசை போட்ட அறை இருக்கிறது, அங்கே எங்களை வரிசையாக உட்கார வைத்து மகாராஜனின் மைத்துனர் ஆணையர் மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெயர் வாசிப்பார். முதல் வார்டு, கை. இரண்டாம் வார்டு, கை. “ஒன்பதாவது வார்டு, பேச்சியம்மாள்.” முதல் நாள் நான் இடது கையைத் தூக்கிவிட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். பீடி சுற்றுகிறவளுக்கு வலது கை எப்போதும் இலையில் இருக்கும், கூப்பிட்டால் இடது கைதான் எழும்பும், அது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தூக்கு, ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கு என்று பழக்கிவிட்டார்கள், நேற்று ராத்திரி கொசு கடித்ததற்கு நான் தூக்கத்திலேயே கையைத் தூக்கினேனாம், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பன்னிரண்டாம் வார்டு ரஹ்மத் பீவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போன்களை வாங்கி வைத்திருக்கிறார்கள். சார்ஜ் போட்டிருக்கிறோம் மதினி என்கிறான் சோலையப்பன். மூன்று நாளாக ஏறுகிறது சார்ஜ். அருவிச் சத்தம் ராத்திரி பகலாகக் கேட்கிறது, ஒரு தடவை தலையை நனைக்க விட்டானா, ஜலதோஷம் பிடித்துவிடுமாம், பன்னிரண்டு மணிக்குக் கைக்கு ஜலதோஷம் பிடித்துவிடுமாம். நேற்று அவன் போனிலேயே என் வீட்டுக்காரரைப் பேச விட்டான். “ஏட்டி, கையத் தூக்குனா முடிஞ்சுது. வாயையா தொறக்கச் சொல்லுதாவ?” என்றார் அவர். சோலையப்பன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். நான் உம் என்றேன். உம் என்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம், பதினெட்டுக் கவுன்சிலர்களில் பதினைந்து கை தூக்கினால் தலைவி ஜெபராணி அக்கா இறங்கிவிட வேண்டும். பதினாலு என்றால் இறங்க வேண்டாம். அக்கா இறங்கினால் மகாராஜன் தலைவர். மகாராஜன் தலைவரானால் ஊர்க் குப்பைக் கிடங்கு எங்கள் வடக்குக் குளத்தங்கரைக்கு வரும், அக்காதான் இந்த ஒரு வருடமாக அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாமல் நிற்கிறாள். குளத்தங்கரை ஒன்பதாம் வார்டு. குளத்துக்கு நேர் கீழே எங்கள் தெரு, வாசலுக்கு வாசல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற நாற்பது பெண்கள், அவர்கள் போட்ட ஓட்டில்தான் நான் கவுன்சிலர். குப்பை அடிக்கிற டிராக்டர் என் வீட்டுக்காரருடையதாக இருக்கும், அதுதான் பேச்சு. ஆகவே என் தெருவில் குப்பையைக் கொட்டச் சொல்லி நானே கையைத் தூக்கப் போகிறேன், கொட்டப் போவது என் புருஷன், முகர்ந்து பார்க்கப் போவது என் மகள். சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்துக்குக் கீழே, இரண்டு எலும்பும் சேருகிற குழியில், மூன்று நாளாக ஒரு உருண்டை. சோறு இறங்கும்போது நகர்ந்து வழிவிடுகிறது, இறங்கியதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த உருண்டை கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அசைந்தது. அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேளக்காரர்கள் எனக்கு இடது கைப்பக்கம், பத்தடி தூரத்தில், ஒரு தாழ்ந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு தவில், இரண்டு நாகசுரம். அதில் ஒரு நாகசுரம் ஒரு பெண்பிள்ளை. என் வயசுதான் இருக்கும், அரக்குப் பட்டு, மூக்குத்தி, பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது அவள் புருஷன் என்பது அவள் தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் தள்ளின விதத்திலேயே தெரிந்துவிட்டது. வாயில் வைக்கிற சின்னச் சீவாளியை எடுத்து, நாங்கள் பீடி நுனியை மடக்குவதற்கு முன்னால் பார்ப்போமே அப்படி வெளிச்சத்தில் பார்த்து, நாக்கில் ஈரம் பண்ணிச் செருகி, ஊதினாள். என்ன ராகமோ, எனக்கு ராகமெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் டேப்பில் கேட்பது வேறு, பத்தடியில் ஒருத்தி கன்னம் உப்பி நெற்றி நரம்பு புடைத்து ஊதுவது வேறு. அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, நேராக நெஞ்சுக்குழிக்கு வந்தது. தவில்காரர் விரல் கூடுகளை மாட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார், நாற்காலிக் கால் அதிர்ந்தது, என் வயிறு அதிர்ந்தது, உருண்டை ஒரு நெல் அளவு கீழே இறங்கியது. மூன்று நாளில் முதல் தடவையாக முழுசாக ஒரு மூச்சு விட்டேன். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பன்னீர் தெளிக்கிற அம்மா வந்து “நீங்க மாப்பிள்ளை வீடா?” என்று கேட்டாள், ஆமாம் என்று தலையாட்டினேன், அவள் தெளித்த பன்னீர் கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று. இந்தப் பெண்பிள்ளைக்குப் பதிலாக அவள் புருஷன் ஊத முடியாது. அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவள் களைத்துவிட்டால் அவன் தன்னுடையதை ஊதலாம், அவளுடையதை ஊத முடியாது. மூச்சு அவள் மூச்சு. நான் கவுன்சிலரான முதல் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் போய் என் பெயர் எழுதின நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெபராணி அக்காதான், “அண்ணாச்சி, அது பேச்சியம்மா நாக்காலில்லா” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வராண்டாவுக்குப் போனார், போனவர் சன்னல் பக்கத்தில் நின்றுகொண்டார். அன்றிலிருந்து நான் எந்தக் கூட்டத்திலும் முதலில் சன்னலைப் பார்ப்பேன்.

கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் மூன்று வருடமாக ஒரே வரி. ‘ஒன்பதாவது வார்டு உறுப்பினர்: கருத்து ஏதுமில்லை.’ தெருவிளக்கு, கருத்து ஏதுமில்லை. சந்தைக் குத்தகை, கருத்து ஏதுமில்லை. எழுதுகிற கிளார்க் என்னைக் கேட்பதுகூட இல்லை, முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார், பாவம் அவருக்கும் வேலை குறையட்டும். ஒரே ஒரு நாள் எனக்குக் கருத்து இருந்தது. குப்பைக் கிடங்கு தீர்மானம் வந்த அன்றைக்கு. முந்தின நாள் பீடி சுற்றிக்கொண்டே ஒரு வாக்கியம் தயார் பண்ணினேன், ‘குளத்தங்கரையில் வேண்டாம், நாங்கள் அந்தத் தண்ணீரில்தான் துவைக்கிறோம்.’ ஆயிரம் பீடி முடிவதற்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஜெபராணி அக்கா கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினாள், “பேச்சியம்மா ஏதோ சொல்ல வாராவ, பொறுங்க” என்றாள். பொறுத்தார்கள். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. அத்தனை பேரும் எனக்காகச் சும்மா இருந்ததுதான் கெடுத்தது. சத்தமில்லாத இடத்தில் என் குரல் எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியவில்லை. சன்னலைப் பார்த்தேன். இருமினேன். உட்கார்ந்துவிட்டேன். கருத்து ஏதுமில்லை. அக்கா அதற்காக ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது, திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இன்றைக்கும் பன்னிரண்டு மணிக்கு அந்த மின்விசிறி கிறீச்சிடும், ஆணையர் பெயர் வாசிப்பார், சும்மா இருப்பார்கள், மேசைக்கு அந்தப்பக்கம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்காமல் உட்கார்ந்திருந்தால் “ஏன்” என்று கேட்பார்கள். ஏன் என்றால் வாயைத் திறக்க வேண்டும். தூக்கிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தூக்குவது எவ்வளவு சுலபம், கொசுவுக்கே தூக்குகிறேன்.

தவில்காரர்கள் இரண்டு பேரும் இப்போது ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். இவர் ஒன்று சொல்ல அவர் அதையே திருப்பிச் சொல்லி வாலில் ஒன்று சேர்க்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், பின்னால் சோலையப்பன் காலால் தாளம் போடுகிறான், அவனும் மனுஷன்தானே. கெட்டிமேளம் எதற்கு என்று சின்ன வயசில் நான் கேட்டதற்கு, தாலி ஏறுகிற நேரத்தில் யாராவது தும்மினாலும் அழுதாலும் கெட்ட வார்த்தை பேசினாலும் யார் காதிலும் விழக் கூடாது, அதற்குத்தான் என்று யாரோ சொன்னார்கள். அப்படியென்றால் கெட்டிமேளத்துக்குள் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு அமைதிதானே ஆகாது. இங்கே சத்தத்துக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் என்ன? ‘மாட்டேன், தூக்க மாட்டேன்.’ வெறும் ஒத்திகை. அவர்களுக்கு மூன்று நாள் ஒத்திகை உண்டென்றால் எனக்கு ஒரு நிமிட ஒத்திகை கூடாதா. இந்தத் தொண்டையில் அந்தச் சொல்லுக்கு வழி இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் எனக்குத் திட்டம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. முகூர்த்தம் ஒன்பதரைக்கு என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மணி ஒன்பது இருபத்திரண்டு. மணவறை எனக்கும் தெரியவில்லை, மேளக்காரர்களுக்கும் தெரியவில்லை, வீடியோக்காரர்கள் விளக்கும் குடையுமாகக் குறுக்கே சுவர் கட்டியிருக்கிறார்கள். தவில்காரர் அடிக்கொரு தரம் எட்டி எட்டிப் பார்க்கிறார். நேரம் வந்ததும் யாராவது பெரியவர் கையைத் தூக்குவார், அந்தக் கையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அவரும் என் கேஸ்தான்.

தாலித் தட்டு வரிசை வரிசையாக ஆசீர்வாதத்துக்கு வந்துகொண்டிருந்தது. தேங்காய்மேல் மஞ்சள் கயிறு, சுற்றி அட்சதை. பன்னீர் தெளித்த அதே அம்மாதான் தூக்கி வந்தாள், மாப்பிள்ளை வீட்டு ஆள் என்பதால் என் முன்னால் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்போதுதான் சோலையப்பன் என் காதோரம் குனிந்தான். “மதினி, எந்திரிங்க. வண்டி வந்துட்டு. சாப்பாடு வழியில பாத்துக்கிடலாம்.” கெட்டிமேளம் முடியட்டும் என்று சொல்ல நினைத்தேன். ஒரே நிமிஷம் என்று சொல்ல நினைத்தேன். ஐந்து நிமிடம், வெறும் ஐந்து நிமிடம், மூன்று நாளில் நான் வேறு எதையும் கேட்கவில்லையே. உருண்டை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. வாய் வரவில்லை. என்னைக் கேட்காமலே என் வலது கை எழுந்தது. காது உயரம். உள்ளங்கை முன்னால். மூன்று நாள் பழக்கம், தண்ணீர் கேட்கிற மாதிரி, ஒன்றுக்குக் கேட்கிற மாதிரி, ஒரு நிமிஷம் கேட்பதற்காகத் தூக்கினேன். பத்தடி தூரத்தில் தவில்காரர் கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்தக் கை பட்டது. அடி விழுந்தது. இரண்டு தவிலும் இரண்டு நாகசுரமும் ஒரே நேரத்தில் வெடித்தன. தாலியோ கடைசி வரிசையில், என் மூக்குக்கு முன்னால், தட்டில் இருக்கிறது. தட்டுக்காரி “ஐயோ!” என்ற வாயோடு மணவறையைப் பார்த்து ஓடினாள், அவள் ஐயோ எனக்குக் கேட்கவில்லை, அந்த வாயை மட்டும்தான் பார்த்தேன். பாதிப் பேர் அட்சதையை வீசிவிட்டார்கள், மஞ்சள் அரிசி சோலையப்பன் தலையில் விழுந்தது. தரை அதிர்ந்தது, என் எலும்பு அதிர்ந்தது, நான் எழுந்து நின்றேன், தொண்டைக்குழியில் இருந்தது பிய்த்துக்கொண்டு வந்தது. மாட்டேன் என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னேன், மாட்டேன், தூக்க மாட்டேன், என்ன சுகம், என்ன சுகம் அது, மூன்று வருடத்துக் கூட்டத்துக்கும் சேர்த்துச் சொன்னேன், சன்னலைப் பார்த்துச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன், மாட்டேன்! மணவறையில் யாரோ இரண்டு கையையும் ஆட்டி மேளத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை. மேளம் பொட்டென்று நின்றது. என் கடைசி மாட்டேன் மட்டும் தனியாக மண்டபத்தில் போய் விழுந்தது.

அரிசி விழுகிற சத்தம் கேட்டது. முந்நூறு தலையும் முதலில் மணப்பெண்ணைத்தான் பார்த்தன. “பொண்ணா சொல்லிச்சு? பொண்ணு மாட்டேங்குதாளா?” என்று ஒரு குரல். வீடியோக்காரன் நகர்ந்து வழிவிட்டான், அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன், இருபது வயசு இருக்கும், மாலைக்கு மேலே முகம் வெளிறிப் போய், நான் இல்லை நான் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள், யாரும் நம்புகிற மாதிரி இல்லை, மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்தால் அந்த மாட்டேன் ஆயுசுக்கும் அவள் கணக்கில் எழுதப்பட்டுவிடும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரில் எழுதுவது எப்படியென்று எனக்குத் தெரியாதா. மண்டபம் முழுக்க அமைதி, கூட்டத்தில் இருந்த அதே அமைதி, ஒரு மின்விசிறிகூட எங்கேயோ கிறீச்சிட்டது. “நாந்தான்” என்றேன். குரல் போய் விழுந்த இடம் தெரிந்தது, மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் திரும்பினார். “பொண்ணு ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன். கையைத் தூக்கினதும் நாந்தான்.” பெண்ணுக்கு அப்பா எழுந்து வந்தார், கோபமா பயமா என்று தெரியாத முகம். “நீங்க யாரும்மா? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” பின்னாலிருந்து சோலையப்பன், “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அவியளுக்குக் கொஞ்சம் மேலுக்குச் சொகமில்ல” என்றான். “நான் ஒம்பதாம் வார்டு” என்றேன். எங்கேயோ ஒருத்தர் சிரித்தார். சிரிக்கட்டும். “இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு எங்க தலைவிக்கு எதிரா என்னையக் கையத் தூக்கச் சொல்லுதாவ. தூக்கமாட்டேன்னு சொன்னேன். உங்க விசேஷத்துல சொன்னதுக்கு மன்னிச்சுக்கிடுங்க.” சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ரஹ்மத் பீவி எச்சில் கையோடு நிற்பது தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

ஐயர் நேரமாகிறது என்று கத்தினார். தட்டு மணவறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை பெண்ணுக்கு அப்பாவே கையைத் தூக்கினார், தவில்காரர் என்னை ஒரு பார்வை பார்த்து, பிறகு அவரைப் பார்த்து, உறுதி பண்ணிக்கொண்டு அடித்தார். நாகசுரக்காரி கன்னம் உப்ப என் பக்கம் திரும்பியபடியே ஊதினாள், அல்லது அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருப்பாளோ என்னவோ. சோலையப்பன் என் முன்னால் வந்து நின்றான். தலையில் மஞ்சள் அரிசி. வாய் பெரிதாகத் திறந்து மூடுகிறது, விரல் என் முகத்துக்கு நேரே ஆடுகிறது, என் புருஷன் பெயரைச் சொல்கிறான், உதட்டில் தெரிகிறது, டிராக்டர் என்கிறான், மகள் என்கிறான், அதற்குப் பிறகு உதடு போகிற போக்கைப் பார்த்தால் அது மதினி என்று ஆரம்பிக்கிற பேச்சு இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது, அதில் என்னை ஏற்றாமல் விடமாட்டான், ஏறியதும் எல்லாம் கேட்கும், பன்னிரண்டு மணி எப்படியும் வரும், அக்கா மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பாள், சன்னலில் அவர் நிற்பார். அதெல்லாம் வரட்டும். இப்போது கெட்டிமேளம் நடக்கிறது, அவன் சொல்கிற ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன், அது என் கைதான், சூடாக இருந்தது.